பாலியஸ்டர்: ஒரு புறநகரின் வாசனை வரலாறு

திரையில் ஓர் எண் மின்னுகிறது. அரங்கில் அமர்ந்திருப்போர் தம் கையிலுள்ள அட்டையில் அதே எண்ணிட்ட வட்டத்தை நகத்தால் சுரண்டி, மூக்கருகே கொண்டு செல்கிறார்கள். முதலாம் எண்ணுக்கு ரோஜா மணம். ஆகா என்று மகிழ்ந்தவர்கள், இரண்டாம் எண் மின்னியபோதும் அதே நம்பிக்கையோடு சுரண்டி முகர்கிறார்கள். அது கணவன் படுக்கையில் விட்ட அபானவாயு! காசு கொடுத்து உள்ளே வந்தவர்களை இவ்வளவு நேர்த்தியாக ஏமாற்றிய திரைப்படம் வேறொன்று உண்டா என்று எங்களுக்குத் தெரியவில்லை. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அமெரிக்காவில் வெளியான 'பாலியஸ்டர்' என்ற நகைச்சுவைப் படத்தைப் பற்றித்தான் சொல்லிக் கொண்டிருக்கிறோம். இயக்கியவர் ஜான் வாட்டர்ஸ். அந்த அட்டைக்கு அவர் இட்ட பெயர் 'ஓடோராமா'.

நாங்கள் முதன்முறை இப்படத்தைக் கண்டபோது எங்களிடம் அட்டை இல்லை. எண் மின்னும்போதெல்லாம் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, வாசனையை விட்டுவிட்டு வீட்டைக் கவனிக்க நேர்ந்தது. சீராக வெட்டிய புல்வெளி, வளைந்து செல்லும் சாலை, வாசலில் கார், கூடத்தில் கண்ணைப் பறிக்கும் நாற்காலிகள். இந்த வீடு எங்கிருந்து வந்தது, இதற்குள் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்பதை யார் தீர்மானித்தார்கள் என்ற வினாக்களோடு படத்தை மறுபடியும் பார்த்தபோது, வெறும் கேலிக்கூத்து என்று நாம் நினைத்திருந்த ஒன்றுக்கு அடியில் ஒரு நகரத்தின் வரலாறு ஓடுவது தெரிந்தது.

அந்நகரம் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர். வீட்டையும் தோல் நிறத்தையும் சட்டத்தால் முடிச்சுப் போட்டதில் அமெரிக்க நகரங்களுக்குள் இதற்குத்தான் முதலிடம். 1910இல் ஜார்ஜ் மெக்மெக்கன் என்ற கறுப்பின வழக்கறிஞர் மெக்கல்லோ தெருவில் வெள்ளையர் வாழ்ந்த பகுதியொன்றில் குடியேறினார். நன்கு படித்தவர், வசதியானவர், ஒருவருக்கும் தீங்கு செய்யாதவர். அவ்வாண்டு முடிவதற்குள் நகர மன்றம் ஓர் அவசரச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. வெள்ளையர் மிகுந்த தெருவில் கறுப்பினத்தவரும், கறுப்பினத்தவர் மிகுந்த தெருவில் வெள்ளையரும் குடியேறக்கூடாது என்பது அதன் சாரம். பிற தென்பகுதி நகரங்கள் இதைப் பார்த்து எழுதிக்கொண்டன. 1917இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லாவென்று தீர்ப்பளித்தது. சட்டம் போயிற்று, எண்ணம் போகவில்லை. கறுப்பினத்தவருக்கு விற்கமாட்டோம் என்ற நிபந்தனை வீட்டுப் பத்திரங்களுக்குள் புகுந்தது. அந்நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்ற தீர்ப்பு வருவதற்கு 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கூட்டரசின் வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டம் எந்த வட்டாரம் 'பாதுகாப்பானது' என்று வரைபடங்களில் வண்ணம் தீட்டி முடித்திருந்தது. போரிலிருந்து திரும்பிய வெள்ளையின இளைஞர்களுக்குக் கடன் எளிதாய்க் கிடைத்தது. அவர்கள் நகர எல்லைக்கு வெளியே புதிய வீடுகளுக்குப் போனார்கள்.

1950இல் பால்டிமோர் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 9.5 லட்சம். 1980இல் அது 8 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே முப்பது ஆண்டுகளில் நகரைச் சூழ்ந்திருந்த பால்டிமோர் கவுன்டியின் மக்கள்தொகை இரு மடங்குக்கும் மேலாகப் பெருகியது. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் கொல்லப்பட்டபின் நகரில் மூண்ட கலவரம் இந்த ஓட்டத்தை மேலும் விரைவுபடுத்தியது. ஆக, புறநகர் என்பது ஓர் இடத்தின் பெயராக இருந்ததோடு, எதிலிருந்தோ விலகி வந்துவிட்டோம் என்ற நிம்மதியின் பெயராகவும் இருந்தது.

அந்த நிம்மதிக்கு ஒரு படிமமும் கிடைத்தது. 1950களின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாராவாரம் ஒரு நற்குடும்பம் தோன்றும். தந்தை அறிவாளி, தாய் முத்துமாலையோடு சமைப்பவள், பிள்ளைகள் சிறு குறும்புகள் செய்து, அரை மணி நேரத்தில் திருந்துவார்கள். 'ஃபாதர் நோஸ் பெஸ்ட்', 'லீவ் இட் டு பீவர்' முதலிய தொடர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர்தான் ஜான் வாட்டர்ஸ். 1946இல் பிறந்தார். பால்டிமோருக்கு வடக்கே லூதர்வில் என்னும் ஊரில் வளர்ந்தார். 1852இல் லூத்தரன் போதகர்களால் நிறுவப்பட்டு, மார்ட்டின் லூதரின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அங்கே பக்கத்துத் தெருப் பையனாக அவருக்கு வாய்த்த நண்பர்தான் ஹாரிஸ் கிளென் மில்ஸ்டெட். பருத்த உடலுக்காகவும் மென்மையான நடத்தைக்காகவும் பள்ளியில் வதைபட்ட பையன். பின்னாளில் சிகையலங்காரம் பயின்றார். வாட்டர்ஸ் அவருக்கு 'டிவைன்' என்று பெயர் சூட்டிப் பெண்வேடத்தில் திரையேற்றினார்.

ஆங்கிலத்தில் 'கேம்ப்' என்றொரு சொல் உண்டு (பாசறை என்ற பொருளில் அன்று). மிகையை மிகையென்று அறிந்தே கொண்டாடுதல், செயற்கையைச் செயற்கையாகவே நேசித்தல், அழகும் அவலமும் ஒன்றாகிவிடும் அளவுக்கு அலங்கரித்தல் - இவையெல்லாம் சேர்ந்த ரசனை அது. சூசன் சொன்டாக் 1964இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னர் இச்சொல் அறிவுலகிலும் புழக்கத்துக்கு வந்தது. டிவைன் அந்த ரசனையின் உச்சம். 1972இல் வெளியான 'பிங்க் ஃபிளமிங்கோஸ்' நள்ளிரவுக் காட்சிகளில் புகழ்பெற்றது. அதில் உலகிலேயே அருவருப்பான மனிதர் என்ற பட்டத்துக்காக டிவைன் செய்த செயல்களை இங்கே விவரிக்காமல் கடந்துவிடுகிறோம், உணவருந்திக்கொண்டே படிப்பவர்களும் உண்டல்லவா?

அந்த முந்தைய படங்களில் டிவைன் ஓர் அரக்கி. ஊருக்கு வெளியே, இழுவை வண்டி வீட்டில், சட்டத்துக்கு அப்பால் வாழ்பவள். 'பாலியஸ்ட'ரில் முதன்முறையாக அவர் ஊருக்குள் வருகிறார். பிரான்சீன் ஃபிஷ்பா என்ற இல்லத்தரசி. நல்லவள், பக்தியுள்ளவள், குடும்பம் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறேதும் கேட்காதவள். அவளுக்கு வாய்த்ததோ இப்படியொரு குடும்பம். கணவன் எல்மர் ஆபாசப்படத் திரையரங்கு நடத்துகிறான். அதை எதிர்த்து அண்டை அயலார் வீட்டுப் புல்வெளியிலேயே மறியல் செய்கிறார்கள். அவனுக்கோ தன் பெண் செயலாளரோடு தொடர்பு. மகள் லூலூ ஒரு போக்கிரியால் கருவுற்றவள். மகன் டெக்ஸ்டர் பசையை முகர்ந்து போதையேறி, தெருவில் போகும் பெண்களின் காலை மிதித்து நசுக்கும் விசித்திரக் குற்றவாளி, நகரமே தேடும் ஆள். தாய் லா ரூ மகளின் கைப்பையிலேயே பணம் திருடுபவள். பிரான்சீனுக்கு மோப்ப சக்தி மிகக் கூர்மை. குடும்பத்தின் பொய்களை அவள் மூக்கு கண்ணுக்கு முன்னரே கண்டுபிடித்துவிடுகிறது. அவள் குடியில் வீழ்கிறாள். வீட்டு நாயும் கடிதம் எழுதி வைத்துவிட்டுத் தூக்கில் தொங்குகிறது!

இத்தனை அபத்தங்களுக்கு நடுவே டிவைன் சிரிப்புக் காட்டுவதில்லை என்பதை நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அவர் அழுகிறார். உண்மையாகவே அழுகிறார். ஸ்திரீபார்ட் நடிகர்களைப் போற்றிய மரபில் வந்த நமக்கு, ஆண் பெண்வேடமேற்பது வியப்பில்லை. ஆனால் வேடத்தை ஒரு கணமும் கிண்டல் செய்யாமல், சுற்றியுள்ள உலகத்தை மட்டும் கிண்டலுக்கு விட்டுவிடும் இந்த நடிப்பு வியப்புக்குரியது. தள்ளாடியபடி மதுப் புட்டியைத் தேடும் பிரான்சீனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் சற்று வெட்கமாக இருக்கிறது.

இந்த அழுகைக்கு ஒரு முன்னோர் உண்டு. அவர் டக்ளஸ் சர்க். ஹாம்பர்க்கில் பிறந்த ஜெர்மானியர். யூத மனைவியோடு 1937இல் நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் குடும்ப மெலோடிராமாக்களை எடுத்தவர். 1955இல் வெளியான 'ஆல் தட் ஹெவன் அலௌஸ்' அவற்றுள் தலையாயது. வசதியான ஊரில் வாழும் விதவையொருத்தி தன் தோட்டத்தைப் பராமரிக்கும் இளைஞனைக் காதலிக்கிறாள். ஊரார் ஏசுகிறார்கள். பிள்ளைகள் அந்தக் காதலைக் கைவிடச் செய்து, ஈடாகக் கிறிஸ்துமஸ் பரிசாய் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைத் தருகிறார்கள். அப்பெட்டியின் திரையில் அவள் முகம் மட்டும் தெரியும் காட்சியை ஒருமுறை கண்டவர்கள் மறப்பதில்லை. சர்க்கின் சொந்த வாழ்வு அவர் படங்களைவிடக் கொடியது. முதல் மனைவி நாஜி ஆதரவாளர். அவரிடம் வளர்ந்த மகன் நாஜிக் காலத் திரைப்படங்களில் சிறுவர் நடிகன். தந்தை தன் பிள்ளையைத் திரையரங்கில் மட்டுமே பார்க்க முடிந்தது. 1944இல் கிழக்குப் போர்முனையில் அம்மகன் இறந்தான். குடும்பம் என்ற சொல்லை இப்படியோர் ஆள் உச்சரிக்கும்போது அதில் எத்தனை கனமிருக்கும்!

வாட்டர்ஸ் சர்க்கைப் பகடி செய்கிறார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் கருத்து சற்று வேறு. வானிலிருந்து புறநகரைக் காட்டி மெல்ல ஒரு வீட்டுக்குள் நுழையும் 'பாலியஸ்ட'ரின் தொடக்கம் சர்க்கின் தொடக்கத்தை நினைவூட்டுவது உண்மையே. ஆனால் அது ஏளனத்தின் குரலன்று. சர்க் சொல்லாமல் விட்டதை வாட்டர்ஸ் உரத்துச் சொல்கிறார். சர்க்கின் படத்தில் அந்தத் தோட்டக்காரராக நடித்தவர் ராக் ஹட்சன். பெண்களின் கனவுநாயகனாய்க் காட்டப்பட்ட அவர், தாம் ஆண்களை நேசிப்பவர் என்பதை வாழ்நாளின் பெரும்பகுதி மறைக்க வேண்டியிருந்தது. அவருக்கும் டேப் ஹன்டருக்கும் முகவர் ஒருவரே. ஹன்டரும் அதே இரகசியத்தைச் சுமந்தவர். 1955இல் 'கான்ஃபிடென்ஷியல்' என்ற கிசுகிசு இதழ் அவரைப் பற்றிய பழைய கைதுச் செய்தியொன்றைத் தோண்டி வெளியிட்டது. ஆயினும் தப்பினார். 1957இல் அவர் பாடிய 'யங் லவ்' இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பிடித்தது.

அதே டேப் ஹன்டரைத்தான் வாட்டர்ஸ் 'பாலியஸ்ட'ரில் டாட் டுமாரோ என்ற கதாநாயகனாக்கினார். ஐம்பது வயதை நெருங்கிய முன்னாள் கனவுநாயகன் டிவைனை முத்தமிடச் சம்மதித்தார். படத்தின் முகப்புப் பாடலையும் அவரே பாடினார். தம் வாழ்வின் மறைந்த பாதியை ஹன்டர் வெளிப்படையாக எழுதியது 2005இல் வந்த தன்வரலாற்றில்தான். அதை அறிந்தபின் அந்தக் காதற்காட்சிகளைப் பார்த்தால் சிரிப்பின் சுவையே மாறிவிடுகிறது. அமெரிக்காவின் 'சரியான' ஆணும் 'தவறான' பெண்ணும் அங்கே அணைத்துக்கொள்கிறார்கள். இருவரையுமே அந்தப் புறநகர் உள்ளபடி உள்ளே விட்டிருக்காது.

இந்த டாட் டுமாரோ நடத்தும் தொழிலைச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் அடி நமக்கும் விழுகிறது. அவனுடையது காரிலிருந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் அரங்கு. அங்கே ஓடுவது பிரெஞ்சு எழுத்தாளர் மார்கரீத் துராஸின் மூன்று படங்கள் தொடர்ச்சியாக! இடைவேளையில் பாப்கார்னுக்குப் பதிலாகச் சிப்பியும் மீன்முட்டையும் ஷாம்பெயினும். வந்திருப்போர் கையில் திரைக் கோட்பாட்டு இதழ். இலக்கிய ஆர்வலர்கள் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளும் எவரும் இக்காட்சியில் தம் முகத்தைக் கண்டு கொஞ்சம் நெளியத்தான் வேண்டும்.

எண்கள் பக்கம் திரும்புவோம். திரையில் வாசனையூட்டும் ஆசை வாட்டர்ஸுக்கு முன்பே இருந்தது. 1959இல் 'அரோமாராமா', 1960இல் 'ஸ்மெல்-ஓ-விஷன்' என இரண்டு முறைகள் வந்தன. அரங்கின் காற்றோட்டக் குழாய்கள் வழியாகவும் இருக்கைகளுக்கு அருகிலும் மணத்தைப் பரப்பிய அவை தோல்வியடைந்தன. விட்ட வாசனையைத் திரும்ப எடுக்க வழி இல்லாததே பெருஞ்சிக்கல். ஒன்றோடொன்று கலந்து எல்லாம் ஒரே குழப்பம். சுரண்டும் அட்டை அச்சிக்கலை மலிவாகத் தீர்த்தது. அதில் பத்து வாசனைகள். ரோஜா, அபானவாயு, பசை, பீட்சா, பெட்ரோல், ஸ்கங்க் என்னும் நாற்றப் பிராணி, சமையல் எரிவாயு, புதுக் காரின் வாசம், அழுக்குக் காலணி, கடைசியாக ரூம் ஸ்பிரே. இவ்வரிசையை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு புறநகர் வீட்டின் வாழ்க்கைச் சரிதம் அதில் அடங்கிவிடுகிறது. மூக்கைப் பொத்திக்கொள்வதற்காகவே கட்டப்பட்ட ஊரில், ஒவ்வொருவர் மூக்கையும் பிடித்துத் தம் வீட்டு வாசத்தை முகரச் செய்கிறார் வாட்டர்ஸ். படத்தின் தலைப்பும் அந்த வகையைச் சேர்ந்ததே. கசங்காத, சுருங்காத, எளிதில் துவைக்கக்கூடிய, ஆனால் காற்றுப் புகாமல் வியர்க்க வைக்கும் துணி. டெரிகாட்டன் சட்டையணிந்து மே மாத வெயிலில் திருமணத்துக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு மூக்கும் அப்போது மேரிலாந்தில் இருந்தது. மாநிலத் திரைப்படத் தணிக்கை வாரியம். 1916இல் தொடங்கப்பட்டது. மற்ற மாநிலங்கள் தத்தம் வாரியங்களை ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்ட பின்னரும் இது மட்டும் நின்றது. பால்டிமோர்த் திரையரங்கு உரிமையாளர் ரொனால்ட் ஃபிரீட்மன் ஒரு படத்தை வாரியத்திடம் காட்டாமலே திரையிட்டுத் தொடுத்த வழக்கில், 1965இல் உச்சநீதிமன்றம் வாரியத்தின் நடைமுறையைச் செல்லாததாக்கியது. மாநிலம் சட்டத்தைத் திருத்திக்கொண்டு தொடர்ந்தது. 1960 முதல் இறுதிவரை அதன் உறுப்பினராயிருந்த மேரி அவாரா, தொழிலால் பிணைப்பத்திரம் வழங்குபவர். தொலைக்காட்சிப் பேட்டிகளில் தோன்றித் தம் அருவருப்பை விரிவாக எடுத்துரைத்து நாடறிந்தவரானார். வாட்டர்ஸின் படங்களுக்கு அவர் பெரும் பகை. 1981 ஜூன் மாத இறுதியில் வாரியம் முடிவுக்கு வந்தது. அதாவது 'பாலியஸ்டர்' வெளியாகி ஏறத்தாழ ஒரு மாதத்தில்! படத்தால் வாரியம் ஒழிந்தது என்று சொல்லிவிட ஆசைதான், ஆனால் வரலாறு அப்படியன்று. மாநில அரசியல் அதை முடித்தது. இருப்பினும் ஒழுக்கக் காவலர்கள் புல்வெளியில் மறியல் செய்யும் காட்சியைப் பால்டிமோர் மக்கள் பார்த்த அதே பருவத்தில் நாட்டின் கடைசி மாநிலத் தணிக்கை வாரியமும் விடைபெற்றது என்பது சுவையான தற்செயல்.

குறையும் உண்டு. மேலே நாம் விரிவாகச் சொன்ன நிறப் பிரிவினையைப் படம் நேராகத் தொடுவதில்லை. ஜீன் ஹில் என்ற கறுப்பின நடிகை ஒரு காட்சியில் பேருந்தில் வருகிறார். தன்னை அடித்துவிட்டு ஓடும் போக்கிரிகளின் காரைத் துரத்திப் பிடித்து, சக்கரத்தைப் பல்லால் கடித்துக் காற்றிறக்குகிறார், போய்விடுகிறார். அரங்கம் அதிரும் காட்சிதான். ஆனால் அவருக்கு அந்தப் புறநகரில் வீடில்லை, படமும் ஏனென்று கேட்பதில்லை. அந்த வினாவை வாட்டர்ஸ் கையிலெடுத்தது ஏழாண்டுகள் கழித்து, 1988இல் வந்த 'ஹேர்ஸ்பிரே'யில். 1960களின் பால்டிமோர்த் தொலைக்காட்சி நடன நிகழ்ச்சியொன்றில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஆடலாமா என்பதே அதன் கதை. அதிலும் தாயாக நடித்தவர் டிவைன்தான். புறநகர்த் தாயே கொலைகாரியாகும் 'சீரியல் மாம்' 1994இல் வந்தபோது அவர் இல்லை.

டிவைனின் சொந்த வீட்டைப் பற்றி ஒரு சொல். அவருடைய வாழ்க்கை முறை தெரியவந்தபின் பெற்றோருக்கும் அவருக்கும் உறவு முறிந்தது. பெற்றோர் 1970களில் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தனர். ஆண்டுக்கணக்கில் பேச்சில்லை. மகன் என்னவானான் என்பதைத் தாய் பத்திரிகை வாயிலாக அறிந்து, அவர் நடித்த படத்தைத் திரையரங்கில் போய்ப் பார்த்தார். 1980களின் தொடக்கத்தில், ஏறக்குறைய 'பாலியஸ்டர்' வெளியான காலத்தில், இருவரும் மீண்டும் பேசிக்கொண்டனர். தாயின் பெயர் பிரான்சிஸ். 2001இல் மகனைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பிரான்சீன் என்ற பாத்திரப் பெயர் இதிலிருந்து வந்ததா என்பதை ஊகிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் படத்தின் இறுதிக்காட்சியைக் காணும்போது அப்பெயர் நினைவுக்கு வராமல் போகாது. கெடுத்தவர்கள் எல்லாரும் மாண்டபின், திருந்திய பிள்ளைகளை இருபுறமும் அணைத்துக்கொண்டு நிற்கிறாள் பிரான்சீன். பத்தாம் எண் மின்னுகிறது. அவள் ரூம் ஸ்பிரேயை எடுத்துக் காற்றில் அடிக்கிறாள்.

அட்டையோடு கூடிய புதிய குறுந்தகட்டை 2019இல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்டது. 'பிங்க் ஃபிளமிங்கோஸ்' 2021இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. இவற்றையெல்லாம் காண டிவைன் இருக்கவில்லை. பெண்வேட நடிகர் என்ற முத்திரையிலிருந்து விடுபட்டு ஆண் பாத்திரங்களில் நடிக்க அவர் பெரிதும் விரும்பினார். 'ஹேர்ஸ்பிரே' வெற்றிக்குப் பின் அவ்வாய்ப்பு வந்தது. 'மேரிட் வித் சில்ட்ரன்' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஓட்டோ மாமா என்ற வேடம். புறநகர்க் குடும்பமொன்றைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் அது. படப்பிடிப்புக்கு முந்தைய இரவு, 1988 மார்ச் 7 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் விடுதியறையொன்றில் உறக்கத்திலேயே இதயம் நின்று இறந்தார். வயது 42.

உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். லூதர்விலுக்குப் பக்கத்தில் டௌசன் என்னும் ஊரில், குன்றின்மேல் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கு வருகிறவர்கள் கல்லில் எழுதிவிட்டும், உதட்டுச் சாயக் குப்பிகளை வைத்துவிட்டும் போகிறார்கள்.